கொம்பனியில் போட்ட டயர்

முத்தலிப் சவூதியின் தம்மாமிலிருந்து எழுதும் கடிதங்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில்தான் வரும். முதலில் ஸலாம். பிறகு தன்னுடைய சுகம். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள். மழைத்தண்ணி படுகிறதா, எலி வயரைக் கடித்ததா, தம்பி அஸீம் வெள்ளிக்கிழமையில் வந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறானா என்று பத்துப் பன்னிரண்டு வரி போகும். தாள் முடிகிற இடத்தில், "நீயும் உடம்பப் பாத்துக்க" என்று இருக்கும். அந்த "உம்"மில் தானும் அடங்கியிருப்பதாக எண்ணிக்கொண்டு அவனுடைய பெண்சாதி ஜெஸீமா கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைப்பாள்.

கிண்ணியாவில் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை வந்து பெண்வீட்டில் இருப்பான். அதனால் முத்தலிப் போன பிறகும் வீடு அவளுடையதாகவே இருந்தது, ஆள்தான் இல்லை. வாப்பாவும் உம்மாவும் ஒரே வருஷத்தில் மௌத்தாகிப் போனார்கள். தங்கச்சி ஸல்ஹா மூதூரில் வாழ்க்கைப்பட்டு நாலு பிள்ளைகளோடு மாரடிக்கிறாள். ஜெஸீமாவுக்கும் ஒரு பெண்குழந்தை பிறந்து பதினொரு நாள் இருந்தது. அதன் பேரைக்கூட ஊரில் இப்போது யாரும் சொல்வதில்லை. சொன்னால் அவள் மனம் நோகுமென்று நினைத்தார்கள். சொல்லாமல் விட்டதுதான் அவளுக்கு நோவு.

மோட்டார் சைக்கிளை முத்தலிப் எழுபத்தாறில் வாங்கினான். நில அளவைக்காரர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன ஹொண்டா. அதில்தான் இறக்கக்கண்டிக்குப் போய்க் கருவாடு எடுத்து வந்து வியாபாரம் செய்தான். பின்சீட்டில் எந்த நாளும் கருவாட்டுப் பெட்டி கட்டியிருக்கும். ஜெஸீமா அதில் ஏறிப் போனது இரண்டே இரண்டு தரம். ஒன்று ஆஸ்பத்திரிக்கு. மற்றது ஆஸ்பத்திரியிலிருந்து.

எழுபத்தொன்பதில் அவன் சவூதிக்குப் போனான். அஸீம் ஒரு வருஷம் ஒழுங்காக வந்து எஞ்சினை முடுக்கிப் பார்த்தான். பிறகு கலியாணம் முடித்துக் கந்தளாய்ப் பக்கம் போய்விட்டான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜெஸீமாவே கொட்டிலுக்குள் போய்ச் சைக்கிளைத் துடைத்தாள். எண்ணெய்த் துணியால் டாங்கியைத் துடைப்பாள், கண்ணாடியைத் துடைப்பாள். டயரில் காற்று இறங்கிக்கொண்டே வந்தது. அதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடிதத்தில் எல்லாம் சுகம் என்றே எழுதினாள்.

எண்பத்திரண்டில், நோன்பு பிறந்து பதினெட்டு நாள் இருக்கும், அந்தக் கடிதம் வந்தது. "பெருநாளைக்கு வாறன். நாப்பது நாள் லீவு. மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு டயரும் புதுசாப் போட்டு வை. கண்ட கடையில போடாத. டவுன்ல கொம்பனியில போடு."

அவள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் வீட்டுக்கு நடந்தாள். அங்கே ஜமால்தீன் இருந்தார். அவள் வாப்பாவின் கூட்டாளி, ஒரு பழைய லொறி வைத்து விறகும் நெல்லும் ஏற்றுகிறவர்.

"மாமா, டவுனுக்கு லொறி எப்ப போற?"

"வாற வியாழக்கிழம வெறகு கொண்டு போறன். என்ன மகள்?"

"மோட்டார் சைக்கிள ஏத்தேலுமா? டயர் மாத்தோணும்."

"அதுக்கென்ன, ஏத்துவம். நானே குடுத்துப் போட்டிட்டு வாறன். நோன்போட நீ வெயிலுக்க அலையத் தேவல்ல."

"இல்ல மாமா, பக்கத்துல நிண்டு பாத்துப் போடச் சொல்லி அவரு எழுதியிருக்காரு."

அப்படி அவன் எழுதவில்லை. வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்குத் திரும்பி வரும்போது, நோன்போடு பொய் சொன்னதற்காகத் தௌபா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டாள். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

வியாழக்கிழமை விடியவே லொறி வந்து நின்றது. இரண்டு பேர் பலகை வைத்துச் சைக்கிளை விறகுக்குமேல் தள்ளி ஏற்றினார்கள். காற்றில்லாத டயர் மணலில் புதைந்து, இழுத்த இடமெல்லாம் பாய் விரித்த மாதிரித் தடம் கிடந்தது. லொறி போக, ஜெஸீமா தனியாக நடந்து துறைக்கு வந்து, பாதை என்கிற பெரிய மிதவையில் ஏறி அக்கரை சேர்ந்து, பஸ் பிடித்தாள். யன்னலோரம் இடம் கிடைத்தது. கோடைக் கச்சான் காற்று முகத்தில் அடித்தது. சீனக்குடாவில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. இதையெல்லாம் பார்த்து எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்த்தாள். கடைசியாக வந்தது அவனை வழியனுப்ப. அன்றைக்கு யன்னலைப் பார்க்கிற மனம் இருக்கவில்லை.

கொம்பனி மெயின் வீதியில் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே புதுச் சைக்கிள்கள் பொலித்தீன் உறை கழற்றாத சீட்டோடு வரிசையாக நின்றன. சாமான் வரத்து இல்லாத காலத்தில் ஒரு டியூப்புக்கும் பெர்மிட் கேட்ட நாடு இது, இப்போது கடை நிறைய ஜப்பான் சைக்கிள். ஜெஸீமா செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் தயங்கி நின்றாள்.

"செருப்போட வாங்கோ அம்மா," என்றார் மேசையில் இருந்த ஞானசேகரம். கொம்பனியின் மனேச்சர் அவர். அதற்கிடையில் லொறியும் வந்து பின்வாசலில் சைக்கிளை இறக்கிவிட்டது. நாலு மணிக்கு வந்து ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு ஜமால்தீன் விறகை இறக்கப் போனார்.

ஜெஸீமா கொடுத்த சைக்கிள் பதிவுப் புத்தகத்தை ஞானசேகரம் திறந்தார். "முத்தலிப் எண்டது ஆர்?"

"எங்கட வீட்டுக்காரர்."

"அவர் வரேல்லையோ?"

"வெளிநாட்டுல."

"அப்ப இதை ஆர் ஓடுறது?"

"ஒருத்தரும் ஓடல்ல."

அவர் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஓடாத சைக்கிளுக்கு ரெண்டு புது டயரோ அம்மா?" நக்கலாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார். ஜெஸீமா கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் வாசித்தார். டயர் என்ற சொல் இருந்த வரியோடு நிறுத்தி, மிச்சத்தை வாசிக்காமல் மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "சரி. முன் டயர் இருக்கு. பின் டயர் களஞ்சியத்தில இருந்து எடுப்பிக்க வேணும். களஞ்சியக்காரன் சாப்பாட்டுக்குப் போட்டான். கொஞ்சம் சுணங்கும்."

பின்பக்கம் தகரம் வேய்ந்த வேலைத்தலம். டயர் வேலை செய்கிறவர் பேர் குலசிங்கம். அன்புவழிபுரத்து ஆள். ஐம்பது தாண்டியவர், தலை முழுக்க நரை, புஜம் மட்டும் இளந்தாரியுடையது போல. சுவரோரம் ஒரு நீள மர வாங்கு கிடந்தது. ஜெஸீமா அதன் நுனியில் இருந்தாள்.

அவர் சைக்கிளைச் சுற்றி ஒரு தரம் வந்தார். முன் டயரைப் பெருவிரலால் அமத்தினார். பக்கச் சுவர் பொருக்கு வெடித்த வயல் போல வெடித்திருந்தது.

"எவ்வளவு காலம் நிண்டது தங்கச்சி?"

"மூணு வருஷம்."

"ஓட்டத்தில தேயிற டயர் கனக்கப் பாத்திருக்கிறன். இது நிண்டே செத்திருக்கு."

சில்லைக் கழற்றி நிலத்தில் படுக்கப் போட்டு, ஒரு கம்பியைச் செருகி நெம்பி, மற்றக் கம்பியால் ஓட்டி, டயரின் ஓரத்தை வெளியே எடுத்தார். உள்ளே டியூப் டயரோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்த்து எடுக்கையில் ஈரத்தோல் உரிகிற சத்தம் கேட்டது. றிம்மில் ஒரு பக்கம் துருக் கறள். அவர் மணல்தாளால் தேய்த்துத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, பிறகும் தேய்த்தார். யாரும் பார்க்காத இடம்தானே என்று விட்டுவிடலாம். அவர் விடவில்லை. ஜெஸீமா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது டியூப்புக்குப் பவுடர் பூசி, டயருக்குச் சவர்க்காரத் தண்ணி தடவி, முழங்காலால் அமத்தி உள்ளே தள்ளினார். டயரில், பிறந்த குழந்தையின் உடம்பில் இருக்கிற மாதிரி மெல்லிய ரப்பர் முடிகள் சிலிர்த்து நின்றன. அவள் எட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டார் குலசிங்கம். எதிர்க்கடையிலிருந்து அவருக்கு ஒரு கிளாஸ் வந்திருந்தது.

"நோன்பு அண்ணன்."

"ஐயோ, மறந்து போனன்." கிளாஸைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

களஞ்சியக்காரன் இரண்டு மணிக்கு வரவில்லை. மூன்றுக்கு வந்தான், அளவு மாறின டயரோடு. திரும்பவும் தன் மிதிவண்டியை மிதித்துக்கொண்டு போனான். நாலு மணிக்கு ஜமால்தீனும் வரவில்லை. ஐந்து மணிக்குத்தான் பின் டயர் வந்தது. ஞானசேகரம் மேசையைப் பூட்டிக்கொண்டு வந்து, "குலசிங்கம், முடிச்சுப்போட்டுப் பூட்டித் திறப்பை என்ர வீட்டில குடுத்திட்டுப் போ. அம்மா, உங்களை நிக்க வைச்சுப்போட்டம், குறை நினைக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்சில்லைப் பூட்டி முடித்ததும் குலசிங்கம், "ஒருக்கா ஓடிப் பாக்க வேணும். ஓடாமல் தரேலாது," என்றார். பழைய பெற்றோலை வெளியே ஊற்றிவிட்டுப் புதிது விட்டார், பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். பதினைந்து இருபது மிதி மிதித்திருப்பார். இருமியது, நின்றது, இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

ஜெஸீமா வாங்கை விட்டு எழும்பிவிட்டாள். எத்தனை பின்னேரங்களில் அந்தச் சத்தம் துறைப்பக்கமிருந்து வருவதைக் கேட்டு அவள் அடுப்பில் சட்டி வைத்திருக்கிறாள். குலசிங்கம் ஏறி இருந்து வெளியே ஓட்டிப் போனார். சத்தம் வீதியில் தேய்ந்து, திருப்பத்தில் அறுந்தது. வேலைத்தலம் வெறுமையாகக் கிடந்தது. பழைய டயர்கள் இரண்டும் நிலத்தில் கிடந்தன. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அவளுக்குக் காரணமில்லாமல் கண் கலங்கியது. இந்த மூன்று வருஷத்தில் அழாத அழுகை, ஒரு அந்நியன் சைக்கிளோட்டிப் போன சத்தத்துக்கு வந்தது. முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டாள். சத்தம் திரும்பி வந்தபோது வாங்கில் நேராக இருந்தாள்.

"செயின் கொஞ்சம் தொய்வு. இறுக்கினனான். இனிப் பயமில்லை," என்றார் அவர். அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, திரும்பிப் பழைய டயர்களைச் சுவரோரம் சாத்தினார்.

ஆறு மணி. லொறியைக் காணவில்லை. பஸ்ஸும் போயிருக்கும். குலசிங்கம் கைகழுவி, உடுப்பு மாற்றி வந்து வெயிலைப் பார்த்தார். "தங்கச்சி, நோன்பு துறக்கிற நேரம் வருதெல்லே? ஏதும் கொண்டந்தனீங்களோ?"

"இல்ல அண்ணன். நாலு மணிக்குப் போயிரலாமெண்டு நினைச்சன்."

"இருங்கோ வாறன்," என்று ஒரு மூடிச் செம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி எடுத்துக்கொண்டு அவர் வெளியே நடந்தார். வரும்போது செம்பு நிறையக் கஞ்சி இருந்தது. கடதாசியில் சுற்றி மூன்று பேரீச்சம்பழமும்.

"பள்ளிவாசல்ல வரிசையில நிண்டனான். ஆருக்கெண்டு கேட்டினம். எங்கட கொம்பனிக்கு வந்த ஒரு பிள்ளைக்கு எண்டு சொன்னனான். ஒண்டும் கேளாமல் ஊத்தித் தந்தவை."

பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக் கேட்டது. ஜெஸீமா பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் வைத்தாள். நோன்பு இருபத்திரண்டு முடிந்து இருபத்துமூன்றாவது அன்றைக்கு. முந்தின எல்லா நோன்பையும் அவள் குசினியில் தனியாக இருந்து துறந்திருந்தாள். இன்றைக்கு ஒரு ஆள் எதிரே, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"கஞ்சி நல்லமோ?"

"நல்லம் அண்ணன். நீங்களும் கொஞ்சம் எடுங்க."

"இல்லை, இல்லை. வீட்டை போனால் சாப்பாடு. என்ர வீட்டில ஒன்பது பேர் தங்கச்சி. சோத்துக் கோப்பையைக் கையில எடுத்தால் ஒருத்தி வந்து மற்றவளைப் பற்றிக் கோள் சொல்லுவாள். மற்றவள் வந்து இவளைப் பற்றி. நான் சோறு உப்போ புளியோ எண்டு பார்த்துச் சாப்பிட்டு ஏழெட்டு வருஷம்."

ஜெஸீமா சிரித்துவிட்டாள். கஞ்சி புரையேறி இருமினாள். இருமிக்கொண்டே சிரித்தாள். அவரும் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. கொஞ்ச நேரத்தில் ஜமால்தீனின் லொறி வந்து நின்றது. அச்சு உடைந்து, இரும்புக் கடையில் கிடந்து ஒட்டுவித்து வருகிறாராம். "மகள், என்ன நெனச்சியோ, எனக்கு உசிரில்ல," என்று பதறினார். மூன்று பேருமாகச் சைக்கிளைத் தள்ளி ஏற்றினார்கள். லொறி புறப்பட்டபோது ஜெஸீமா திரும்பிப் பார்த்தாள். குலசிங்கம் கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த நாட்களில் அவள் அந்த நாளைத் திரும்பத் திரும்ப ஒழுங்குபடுத்தினாள். முத்தலிப் வந்தால் எங்கிருந்து தொடங்குவது? மணலில் பதிந்த தடத்திலிருந்தா, ஞானசேகரம் கேட்ட கேள்வியிலிருந்தா? அளவு மாறின டயரைச் சொல்லி அவனைச் சிரிக்க வைக்கலாம். கஞ்சியைச் சொல்லலாமா? சொல்லலாம், பள்ளிவாசல் கஞ்சிதானே. சோறு வடிக்கும்போதும் தண்ணி அள்ளும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கதை நன்றாகவே வந்தது.

நோன்பு இருபத்தெட்டில் முத்தலிப் வந்து இறங்கினான். உடம்பு ஊதியிருந்தது, கன்னம் கறுத்திருந்தது. இரண்டு பெரிய பெட்டி, ஒரு ரேடியோ கசட். தெருவே வாசலில் கூடிவிட்டது. ஆட்கள் கலைந்ததும் நேரே கொட்டிலுக்குப் போனான். குந்தி இருந்து டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தான்.

"கொம்பனியிலதானே போட்ட?"

"ஓம்," என்றாள் ஜெஸீமா. தொடங்குவதற்கு வாயைத் திறந்தாள்.

"நல்ல டயர்," என்று எழும்பி, மிதித்து, ஒரே மிதியில் ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு கூட்டாளிமாரைப் பார்க்கப் போய்விட்டான்.

நாற்பது நாளும் அப்படித்தான் போனது. அவன் கெட்டவன் இல்லை. கை நீட்டி அடித்தவனில்லை, சோற்றைக் குறை சொன்னவனில்லை. ஆனால் மூன்று வருஷம் ஆம்பிளைகளோடு ஒரு அறையில் பன்னிரண்டு கட்டில் போட்டுப் படுத்தவன், வீட்டில் இருந்து ஒரு பெண்ணோடு கதைக்க மறந்து போனான். விடிந்தால் துறைக்கு, மத்தியானம் அஸீமைத் தேடிக் கந்தளாய்க்கு, பின்னேரம் வேறெங்கோ. போகிற இடமெல்லாம் "கொம்பனியில போட்ட டயர்" என்று சொல்லிக்கொண்டான். அந்தச் சைக்கிள் துறையை எப்படித் தாண்டிற்று என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததைத் தானாகச் சொல்வது அவளுக்கு இரந்து நிற்கிற மாதிரிப் பட்டது.

முப்பதாவது நாளோ என்னவோ, இறக்கக்கண்டியில் இருந்த தன் மாமியைப் பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு போனான். புதுச் சாரி உடுத்துப் பின்சீட்டில் ஒருபக்கமாக இருந்தாள். டவுனுக்குள் நுழைந்து மெயின் வீதியால் போகும்போது கண்ணாடி முகப்புத் தெரிந்தது. பின்வாசல் ஒழுங்கையில் குலசிங்கம் ஒரு டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். ஜெஸீமா முத்தலிப்பின் தோளில் தட்டினாள்.

"இஞ்ச பாருங்க! இதான் கொம்பனி! அண்டைக்கு இஞ்சதான் நான்..."

"என்ன?" எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. தலையைத் திருப்பாமல் கத்தினான்.

அதற்குள் கொம்பனி பின்னால் போய்விட்டது.

"ஒண்டுமில்ல," என்றாள். நிலாவெளி தாண்டும் வரைக்கும் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள். 

போவதற்கு ஐந்து நாள் முந்தி, அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது சைக்கிள் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஏறி இருந்தது முத்தலிப் இல்லை, மூதூர்க்காரன் ஒருவன். படலையைத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடியே போனான்.

"வித்திட்டன்," என்றான் முத்தலிப், கையைத் துடைத்துக்கொண்டு. "நிண்டு பழுதாப் போறத விட ஒருத்தன் ஓடட்டும். புது டயர் கிடந்ததால நல்ல விலைக்குப் போச்சு."

"ஓம்," என்றாள் ஜெஸீமா. சவர்க்கார நுரை கையில் காய்ந்துகொண்டிருந்தது. கோபமா என்று தன்னைத் தானே கேட்டுப் பார்த்தாள். கோபம் இல்லை. கேட்டிருந்தால் இதையேதான் அவளும் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை என்பதுதான் நோவு.

துறை வரைக்கும் போய் அவனை அனுப்பினாள். பாதை அக்கரை சேரும் வரைக்கும் நின்றாள். அவன் கையை ஆட்டினான், அவளும் ஆட்டினாள். திரும்பி வந்து வாசலைக் கூட்டினாள்.

மாரி தொடங்கிய ஐப்பசியில் ஒரு பின்னேரம், குடையோடு ஒரு பெண் படலையில் வந்து நின்றாள். பேர் புஷ்பவதி. ஊர் கிளிவெட்டி. கிண்ணியா ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த, பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது. இருக்க ஒரு அறை தேடுகிறாளாம், ஜமால்தீன் அனுப்பினாராம். முப்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள், சாரி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"வாங்க, கதிரையில இரிங்க," என்று ஜெஸீமா துவாயை எடுத்துக் கொடுத்தாள்.

புஷ்பவதி தலையைத் துடைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். துப்புரவான முன்னறை, மூடிக் கிடந்த இரண்டு அறை, குசினியில் ஒற்றைக் கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது.

"இவ்வளவு பெரிய வீட்டில நீங்கள் தனியவோ அக்கா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஜெஸீமா எந்த நாளும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: அவரு வெளிநாட்டுல, தங்கச்சி மூதூர்ல, பக்கத்துல எல்லாம் சொந்தக்காரங்க. அன்றைக்கு அதைச் சொல்ல வாயெடுத்தாள். மழை தகரத்தில் பெரிதாகப் பெய்தது. அவள் அது கொஞ்சம் ஓயட்டும் என்று நின்றாள்.

"ஓம்," என்றாள். "தனியத்தான்."

பிறகு மூடிக் கிடந்த அறை ஒன்றின் கதவைத் திறந்துவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்க உள்ளே போனாள்.